பழைய 1613 லாரி: சத்தத்தை அடக்குவதா, இழுவையை ஏற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

டைமிங்கை, அதாவது இன்ஜினுக்குள் டீசல் பாயும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் தள்ளினால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜும் சற்றுக் கூடும். ஆனால் இன்ஜின் அடிக்கிற அடி கேபினுக்குள் வந்து விழும். பின்னால் இழுத்தால் அடி அடங்கும். ஆனால் லோடோடு மேடு ஏறும்போது கறுப்புப் புகை தள்ளும், சூடும் ஏறும். பழைய டீசல் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, "சத்தமும் குறையணும், இழுவையும் ஏறணும்" என்று கேட்கும் ஓனரைப் பார்த்து மெக்கானிக் ஒரு மாதிரி சிரிப்பது இதனால்தான். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு. அளவு சரியாக ஓடும் இன்ஜினில் இந்த இரண்டு ஆசையும் ஒன்றுக்கொன்று எதிரி. அளவு தப்பி ஓடும் இன்ஜினிலோ அதிகச் சத்தமும் குறைந்த இழுவையும் பெரும்பாலும் ஒரே கோளாறிலிருந்து வருபவை. உங்கள் வண்டி இதில் எந்த வகை என்று தெரிவதற்கு முன்னால் பணத்தை இறக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

நான் மனதில் வைத்து எழுதுவது கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாடா 1613 வண்டியை. 16 டன் மொத்த எடை, 130 குதிரைத்திறன் பக்கம் என்பதுதான் அந்த எண்ணின் கணக்கு. உள்ளே இருப்பது 6பிடி: ஆறு சிலிண்டர், 102 மிமீ போர், 120 மிமீ ஸ்ட்ரோக், 5.9 லிட்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாமே மெக்கானிக்கல் பம்ப். ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் ஆலை செய்து கொடுத்த இந்த இன்ஜினின் உடன்பிறப்பைத்தான் 1989 முதல் 1998 வரை அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப்பில் போட்டார்கள். அங்கே இதை ட்யூன் செய்வது ஒரு தனி மோகம். அந்த அனுபவம் நமக்கும் உதவும். ஆனால் அவர்கள் இழுப்பது மூன்று டன் பிக்கப்பை, நாம் இழுப்பது பதினாறு டன் லாரியை. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். டாடாவின் 697 இன்ஜின் வண்டிக்காரர்களுக்கும் லேலண்ட்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். டேப்பட் அளவும் (வால்வுக்கு விடும் இடைவெளி) டைமிங் டிகிரியும் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு.

எந்தச் சத்தம்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை 17 மடங்கு அளவுக்கு அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் தெளித்த உடனே பற்றாது, ஒரு நொடியின் சின்னத் துணுக்கு தாமதம் இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே சேர்ந்துவிட்ட டீசல் எல்லாம் ஒன்றாகப் பற்றி வெடிக்கிறது. நாம் கேட்கும் 'டக டக' அதுதான். தாமதம் எவ்வளவு நீளமோ அடி அவ்வளவு கனம். டைமிங் முன்னால் போனால் காற்று இன்னும் முழுதாகச் சூடாவதற்குள் டீசல் பாய்கிறது, தாமதம் நீள்கிறது, அடி கூடுகிறது. குளிர்ந்த இன்ஜின் காலையில் அதிகம் அடிப்பதும் இதனால்தான். ஸ்டார்ட் செய்து சூடானதும் அடங்குகிற சத்தத்துக்காக ஒர்க்‌ஷாப் போக வேண்டாம்.

டீசலின் தரத்துக்கும் இதில் பங்கு உண்டு. எளிதில் பற்றும் குணத்தை சீட்டேன் எண் என்கிறார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் டீசலுக்கு அது குறைந்தது 51 இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்தால் அந்த எண் இறங்கும், அடி ஏறும். அதோடு மண்ணெண்ணெய்க்கு வழவழப்புப் போதாது. பம்பின் பிளஞ்சரும் பேரலும் டீசலாலேயே வழுக்கி ஓடுபவை, அவை தேயும். விலை குறைவாக வெளியில் டீசல் பிடித்த நாளிலிருந்து சத்தம் தொடங்கியது என்றால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் நல்ல பங்க்கில் ஒரு டேங்க் நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.

எரியும் அடி அல்லாத சத்தங்கள் தனி. ஐடிலில் கடகடவென்று கேட்டால் கிளட்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் நின்றால் கோளாறு கியர் பாக்ஸ் பக்கம், இன்ஜினைத் திட்டிப் பயனில்லை. 'டிக் டிக்' என்று டேப்பட் மாதிரி ஒலித்து, மேனிஃபோல்டு ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் அது டேப்பட் இல்லை, எக்ஸாஸ்ட் கேஸ்கட் கசிவு. டர்போவுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கசிவு சத்தத்தோடு இழுவையையும் தின்னும். காற்று சீறும் சத்தமும் மேட்டில் கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால் டர்போவிலிருந்து இன்டேக் போகும் ஹோஸைத் தடவிப் பாருங்கள்; கிளாம்ப் தளர்ந்திருக்கும்.

ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கிறதா என்று பார்க்கும் பழைய முறை இன்றைக்கும் சிறந்தது. ஐடிலில், டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் ஹைபிரஷர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது. எந்த நட்டைத் தளர்த்தும்போது அடி நிற்கிறதோ அந்தச் சிலிண்டர். அப்புறம் அதன் நாசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் நாசில் கோளாறு. மாறாமல் அங்கேயே இருந்தால் பிஸ்டன் அல்லது பேரிங், அதாவது பெரிய செலவு. நட்டைத் தளர்த்தும்போது துணி சுற்றிக்கொள்ளுங்கள், கையை நேராகக் காட்டாதீர்கள்; நாசில் திறக்கும் அழுத்தம் இன்ஜினுக்கு ஏற்ப 200 பாருக்கும் மேலே, அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் வழிகளை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

அளவுக்குக் கொண்டு வருவது

செலவு குறைந்த வழி, பலன் அதிகம், ஆனால் யாருக்கும் இதில் ஆர்வம் வருவதில்லை. புதிதாக எதுவும் மாட்டுவதில்லையே!

டேப்பட் முதலில். 6பிடிக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ. ஃபீலர் கேஜ் இல்லாமல் விரலால் ஆட்டிப் பார்த்து 'சரியா இருக்கு' என்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சத்தம் குறையட்டும் என்று டேப்பட்டை இறுக்கிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. உடனே அமைதியாகும், ஓனரும் சந்தோஷமாகப் போவார். அப்புறம் வால்வு சீட்டில் முழுதாக உட்காராமல் எரிய ஆரம்பிக்கும், கம்ப்ரஷன் போகும். கொஞ்சம் சத்தம் போடுகிற டேப்பட்டே மேல்.

அடுத்து நாசில். ஆறையும் கழற்றி, பம்ப் கடையில் கை டெஸ்டரில் போட்டுப் பார்ப்பார்கள். சரியான அழுத்தத்தில் திறக்கிறதா, மூடிய பிறகு நுனியில் சொட்டுகிறதா, எல்லாத் துளையிலிருந்தும் பனி மாதிரி தெளிக்கிறதா என்பதுதான் சோதனை. தேய்ந்த நாசில் சீக்கிரமே திறந்துவிடும், அதாவது யாரும் தொடாமலே டைமிங் கொஞ்சம் முன்னால் போன கதை. கூடவே தெளிப்பும் கெட்டுப் பெரிய துளிகளாக விழும். சத்தமும் புகையும் ஒரே நேரத்தில் ஏறி, இழுவையும் மைலேஜும் இறங்கும் வண்டிகளில் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். திரும்ப மாட்டும்போது பழைய செம்பு வாஷர் உள்ளேயே ஒட்டிக்கிடக்க, அதன் மேல் புதிதையும் போட்டு இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நாசில் நுனி மேலேறிவிடும், தெளிப்பு பிஸ்டன் கிண்ணத்தில் தவறான இடத்தில் விழும். புது நாசில் போட்டும் புகை போகவில்லை என்பவர்கள் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பம்ப் கேலிபரேஷன் மூன்றாவது. வரிசை பம்பில் ஆறு பிளஞ்சர் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் அனுப்புகிறது. வருஷக்கணக்கில் ஓடும்போது ஒன்று அதிகமும் ஒன்று குறைவுமாக ஆகிவிடும். டெஸ்ட் பெஞ்சில் வைத்து ஆறையும் சமப்படுத்தினால் ஐடிலில் வண்டி ஆடுவது நிற்கும், ஒரு சிலிண்டர் மட்டும் கத்துவதும் நிற்கும். பம்பை இறக்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பம்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் லைனில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வு. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்தால் பம்புக்குள் டீசல் அழுத்தம் நிற்காது, இழுவை போகும். மலிவான சாமான். அதே மாதிரி டீசல் ஃபில்டர், ஃபீட் பம்ப், ஏர் கிளீனர். இவற்றில் கோளாறை வைத்துக்கொண்டு பம்பைப் பிரித்தால் பம்ப் கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

கடைசியில் டைமிங். இன்ஜின் பிளேட்டில் என்ன டிகிரி அடித்திருக்கிறதோ அதில் வைப்பது. இங்கேதான் முதலில் சொன்ன பேரம் வருகிறது. தொழிற்சாலை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி இப்படி அப்படி வைப்பதில் உலகம் கவிழாது. சமவெளியில் தூர ஓட்டம் என்றால் துளி முன்னால், நாள் முழுக்க ஊருக்குள் நின்று நின்று போகிற வண்டி என்றால் துளி பின்னால் என்று சில மெக்கானிக்குகள் வைப்பார்கள். நான் பிளேட்டில் உள்ள எண்ணிலேயே விடச் சொல்வேன். அமைதிக்காக டைமிங்கைப் பின்னால் இழுப்பது மோசமான பேரம். டீசல் தாமதமாக எரிந்து, அந்தச் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்ட் வழியாக வால்வையும் டர்போவையும் சுட்டுக்கொண்டு போகிறது. கேபினில் குறையும் சத்தத்துக்கு டீசல் பில்லில் பணம் கட்டுவீர்கள்.

இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் இதே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லாகிப்போன ரப்பர் இன்ஜினின் ஆட்டத்தை அப்படியே சேஸிசுக்கும் கேபின் தகரத்துக்கும் அனுப்பும்.

பம்பைத் திறந்து பவர் ஏற்றுவது

பலருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான், ஏனென்றால் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். ஃபுல் லோடு ஸ்குரூவைத் திருப்பினால் டீசல் அதிகம் பாயும். பூஸ்டுக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் டயாஃபிரம் பகுதியைத் தளர்த்தினால் டர்போ சுற்றுவதற்குள்ளேயே டீசல் பாய்ந்து பிக்கப் துள்ளும். கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் ஆர்பிஎம் ஏறும். அன்றைக்கே வித்தியாசம் தெரியும். வேறு எந்த வழிக்கும் இந்த உடனடிச் சுகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் தாங்குமா? தாங்கும். டாட்ஜில் 1989-இல் 160 குதிரைத்திறனோடு வந்த இந்த 5.9, 1996-இல் கைக்கியர் வண்டிகளில் 215-ஐத் தொட்டது. நம் ஊரில் 130 பக்கம் வைத்து விற்றார்கள் என்றால் பிளாக்குக்குள் நிறைய மிச்சம் இருக்கிறது. ஆனால் டாட்ஜில் 1991-இலேயே டர்போ அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வந்துவிட்டது, பம்பும் 1994-இல் மாறியது. வெறும் ஸ்குரூவைத் திருப்பி வாங்கிய பவர் இல்லை அது.

இப்போது அந்தப் பதினாறு டன் விஷயம். பிக்கப் வைத்திருப்பவர் முழு பவரைக் கேட்பது சில நொடிகள்தான், அதற்குள் வண்டி நூறைத் தாண்டிவிடும். சேலத்திலிருந்து தொப்பூர் வழியாகத் தர்மபுரிக்கு லோடோடு ஏறுகிற லாரி முழு பவரையும் நிமிஷக்கணக்கில் கேட்கும். கூடுதல் டீசலுக்குக் காற்று போதாவிட்டால் புகையாகவும் சூடாகவும் மாறும். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூடு 1250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 675 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்கக் கூடாது என்பது அந்த பிக்கப்காரர்கள் கைக்கொள்ளும் எல்லை. அவர்கள் டேஷ்போர்டில் அதற்கு மீட்டர் வைத்து ஓட்டுகிறார்கள். நம் லாரிகளில் தண்ணீர் டெம்பரேச்சர் மீட்டர் மட்டும்தான், அதுவும் வேலை செய்தால். பிஸ்டன் உருகும்போது தண்ணீர் மீட்டர் அசையக்கூட அசையாது. ஆகவே பம்பைத் தொடத்தான் போகிறேன் என்பவர் முதலில் அந்த மீட்டரை மாட்டட்டும், அப்புறம் கால் சுற்று திருப்பட்டும். இன்டர்கூலர் இல்லாத வண்டிக்கு அதைப் பொருத்தினால் காற்று குளிர்ந்து அடர்த்தியாகும். அதே டீசலில் சூடும் புகையும் குறைந்து இழுவை ஏறும். பவர் ஏற்றும் வேலையில் இது ஒன்றைத்தான் நான் தயங்காமல் நல்லது என்பேன். ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் இடம், பைப் வேலை என்று செலவு இருக்கிறது.

டர்போ இல்லாத பழைய 697 போன்ற இன்ஜினில் வெளியிலிருந்து ஒரு டர்போவை வாங்கி மாட்டும் யோசனையைக் கைவிடுங்கள். டர்போவுக்கென்று செய்த இன்ஜினில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஏற்பாடு முதல் பலவும் மாறியிருக்கும். டர்போவை மட்டும் சேர்ப்பது இழுவை தரும், கொஞ்ச நாளைக்கு.

இன்ஜினுக்குப் பின்னால் இருப்பவையும் இருக்கின்றன. கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸ், கிரவுன் எல்லாம் 130 குதிரைத்திறன் கணக்கில் வந்தவை, அதுவும் பல லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தவை. சட்டமும் இருக்கிறது. புகைச் சோதனையில் பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு, புகையின் கறுப்பைச் சொல்லும் ஹார்ட்ரிட்ஜ் அளவில் 65 வரை அனுமதி. ஸ்குரூ திருப்பிய வண்டி அதில் நிற்பது கஷ்டம். சோதனைக்கு முன்னால் இறக்கி, முடிந்ததும் ஏற்றிக்கொள்ளும் வித்தை எல்லாருக்கும் தெரியும், சோதனை செய்பவருக்கும்தான்.

சத்தம்? கட்டாயம் ஏறும். ஆக, அமைதி வேண்டும் என்று தேடி வந்தவருக்கு இந்த வழியில் எதுவும் இல்லை.

கேபினை அடைப்பது

இங்கே வண்டியின் வடிவம் முக்கியம். எஸ்இ 1613 என்றால் மூக்கு வைத்த வண்டி, இன்ஜின் பெரும்பகுதி முன்னால் பானெட்டுக்குள். எல்பிடி 1613 என்றால் இன்ஜின் டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவிலேயே, தகர மூடிக்குக் கீழே. எல்பிடியில் கேபின் அடைப்பு பெரிய மாற்றம் தரும்; எஸ்இயில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வால் தகரத்தில் உள்ள ஓட்டைகளை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

அடைப்பில் எல்லாரும் செய்வது நேராக ரெக்சின் கடைக்குப் போய், நல்ல மெத்தென்ற ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்துக்கொள்வது. உட்கார சுகமாக இருக்கும். சத்தம் பெரிதாகக் குறையாது. சத்தத்தைத் தடுப்பது எடைதான். தடுப்பின் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஸ்பாஞ்சுக்கு எடை ஏது? ஸ்பாஞ்சும் கண்ணாடிப் பஞ்சும் உள்ளே எதிரொலிக்கும் சத்தத்தை உறிஞ்சும். தகரத்தின் அதிர்வை நிறுத்த அதன் மேல் ஒட்டும் தார் ஷீட் வேண்டும். சத்தம் தாண்டி வராமல் மறிக்கக் கனமான ரப்பர் ஷீட் வேண்டும். தகரத்தில் தார் ஷீட், நடுவில் பஞ்சு, மேலே கன ரப்பர் என்று மூன்றும் இந்த வரிசையில் வந்தால்தான் முழுப் பலன்.

அதைவிட முக்கியம் இடைவெளி. மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தாலே, மற்ற இடத்தில் எவ்வளவு கனமாக அடைத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. கியர் லீவர் பூட் கிழிந்திருப்பது, பெடல் துளைகள், வயர் போகும் ஓட்டைகள், இன்ஜின் மூடியின் ஓரத்தில் பீடிங் போயிருப்பது. இவற்றை அடைக்க ஆகும் செலவு ஒரு டீக்கடைக் கணக்கு மாதிரி, பலன் ஷீட்டுகளைவிட அதிகம். நம் பக்கம் சேஸிஸாக வாங்கி வெளியில் கேபின் கட்டிய வண்டிகளில் தரைக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் பகல் வெளிச்சமே தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. இன்ஜின் மூடியின் உள்பக்கம் சாதாரண ஸ்பாஞ்ச் ஒட்டவே கூடாது. ஆயிலும் டீசலும் ஊறி, டர்போவின் சூடு பக்கத்திலேயே இருக்க, அது பற்றுவதற்கு ஒரு கசிவு போதும். அலுமினியத் தாள் மூடிய, தீப்பிடிக்காத பஞ்சுதான். அதேபோல் இன்ஜினின் அடிப்பக்கத்தைத் தகரம் போட்டு மூடி அமைதியாக்குகிறேன் என்று போனால் வெப்பம் வெளியேற வழியின்றி ரேடியேட்டர் திணறும்.

ஃபேனையும் மறக்க வேண்டாம். பழைய வண்டியில் ஃபேன் இன்ஜினோடு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். டாப் கியரில் விரட்டும்போது கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு அதுதான், இன்ஜின் மேல் பழி விழும். உடைந்த ஃபேன் கவரைத் திரும்பப் பொருத்துங்கள், இலை வளைந்திருந்தால் மாற்றுங்கள். சூடானால் மட்டும் முழு வேகத்தில் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் பொருந்துகிற மாடலாக இருந்தால் அது நல்ல முதலீடு. ஃபேன் தின்னும் பவர் வேகத்தின் முப்படியாக ஏறுவதால் கொஞ்சம் டீசலும் மிச்சமாகும். சைலன்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: துரு ஓட்டை விழுந்தால் மாற்றுங்கள். உள் தடுப்பை வெட்டினால் இழுவை ஏறும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்த வழியால் இழுவை கூடாது. ஆனாலும் டிரைவரின் காது என்று ஒன்று இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அதாவது 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி. நம் டிரைவர் அண்ணன்கள் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். போனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலி துல்லியமானது இல்லை, ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே ஆர்பிஎம்மில், கண்ணாடி ஏற்றி வைத்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஷீட் ஒட்டியவரின் வார்த்தையைவிட அது நம்பகமானது.

இன்ஜின் வேலை

நாசிலைச் சிலிண்டர் மாற்றிப் பார்க்கும் சோதனையில் அடி இடம் மாறவில்லை, ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்தால் ஆவி பொங்குகிறது, நீலப் புகை வருகிறது, சூடான பின் ஆயில் பிரஷர் இறங்குகிறது என்றால் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தைச் சில மாதம் மறைக்கலாம், விற்பதற்கு முன் அப்படிச் செய்பவர்கள் உண்டு என்பதை வாங்குபவர்கள் நினைவில் வையுங்கள்.

6பிடியில் சிலிண்டருக்குள் தனியாகச் செருகும் லைனர் கிடையாது, சிலிண்டர் பிளாக்கிலேயே கடைந்தது. அதனால் போர் வேலை என்றால் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி 0.5 மிமீ அல்லது 1 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டனுக்குக் கடைய வேண்டும். அதையும் தாண்டினால் ஸ்லீவ் போடலாம். லைனரை உருவி மாற்றும் இன்ஜின்களைப் பார்த்துப் பழகியவர்கள் ரோட்டோரத்திலேயே முடித்துவிடலாம் என்று நினைப்பது இங்கே நடக்காது. முன்பக்க கியர் மூடியைத் திறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் சின்ன டவல் பின்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாட்ஜில் அது தளர்ந்து கியருக்குள் விழுந்து இன்ஜினைச் சிதைத்த கதைகள் ஏராளம். அங்கே அதற்கு 'கொலைகாரப் பின்' என்றே பெயர். ஒரு சின்னத் தகடு வைத்து அதை வெளியே வராமல் நிறுத்திவிடலாம், எப்படியும் திறந்திருக்கும்போது.

இந்தச் செலவுக்குப் பிறகு வண்டி குறைந்தது மூன்று, நான்கு வருஷம் உங்களிடம் ஓட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் வாங்குகிறவருக்குக் கொடுத்த பரிசு.

வண்டியை மாற்றுவது

அமைதிதான் முதல் தேவை என்றால் நேர்மையான பதில் காமன் ரெயில் வண்டி. அதில் கம்ப்யூட்டர் முதலில் ஒரு துளி டீசலைத் தெளித்து நெருப்பை மூட்டிவிட்டு, அப்புறம் முக்கிய அளவை அனுப்புகிறது. மொத்தமாகச் சேர்ந்து வெடிப்பது இல்லை, அதனால் அடியும் இல்லை. இதே 5.9 லிட்டர் இன்ஜினுக்கு டாட்ஜில் 2003 மாடலில் காமன் ரெயில் வந்தபோது, சத்தம் குறைந்ததைத்தான் எல்லாரும் முதலில் கவனித்தார்கள். மெக்கானிக்கல் பம்பில் என்ன செய்தாலும் அந்த அமைதி வராது. ஆனால் சென்சார், வயரிங், ஸ்கேனர் இல்லாமல் திறக்க முடியாத பெட்டிகள் என்று அதற்கான விலையும் உண்டு. பழைய வண்டியை எந்த ஊர் ரோட்டோர மெக்கானிக்கும் கிளப்பிவிடுவார் என்பதன் மதிப்பு நடு ராத்திரியில் நின்றவருக்குத்தான் தெரியும். பழைய வண்டிக்குள் வேறு இன்ஜினைப் போடுவது இன்னொரு வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்தால் எஃப்சி என்கிற தகுதிச் சான்றிலும் இன்சூரன்ஸிலும் மாட்டும்.

ஒரு வருஷத்துக்குள் விற்கப் போகிறவர் டேப்பட், நாசில், கேபின் ஓட்டை அடைப்பு இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாங்க வருபவர் கேட்டுப் பார்ப்பது ஐடிலைத்தான். குவாரி, மணல் என்று குறைந்த தூரம், நிறைய மேடு, எப்போதும் முழு லோடு என்றால் நாசிலும் பம்ப் கேலிபரேஷனும் கட்டாயம், வசதி இருந்தால் இன்டர்கூலர். கேபின் ஷீட்டுக்குச் செலவழிப்பது கடைசி, எப்படியும் கண்ணாடி இறக்கித்தான் ஓட்டுவார்கள். சொந்த வண்டியைத் தானே தூரம் ஓட்டுபவருக்கு வரிசை வேறு: அளவுக்குக் கொண்டு வந்த கையோடு கேபின், அப்புறம் ஃபேன். பம்ப் ஸ்குரூ இந்த மூன்று பேர் பட்டியலிலும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். டிரைவர் வைத்து ஓட்டும் ஓனர் இன்னொன்றையும் யோசிக்கலாம்: சத்தம் குறைந்த கேபினுக்கு நல்ல டிரைவர் வருவார், வந்தவர் நிற்பார்.

பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி கட்டணமும் ஏறிவிட்டதால், வேலையை எஃப்சிக்காக வண்டி நிற்கும் நாட்களோடு சேர்த்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பம்ப் கடையிலிருந்து பம்ப் திரும்பி வரும்போது ஆறு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் விழுந்தது என்ற கேலிபரேஷன் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். நாசில் எத்தனை பாரில் வைத்தார்கள், டைமிங் எத்தனை டிகிரி என்பதையும் அதிலேயே எழுதி ஆர்சி புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை வண்டி வேறு ஊரில் நின்று வேறு மெக்கானிக் பம்பைத் திறக்க நேர்ந்தால், எந்த அளவுக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.